ரத்னா எழுதிய நாற்பத்தொரு மனுக்கள்

1973ஆம் வருஷம், தை அறுவடை முடிந்த கையோடு, கவரைப்பேட்டைக்கு மேற்கே ஒரு சிற்றூரின் சாவடிச் சுவரில் சர்க்கார் அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஏரிக்குக் கீழே நூற்றுப் பத்து ஏக்கர், தொழிற்சாலைகளுக்காக எடுக்கப்படும். ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும்.

ஊர்ப் பெரியவர் முனுசாமி பொன்னேரிக்குப் போய், மனு எழுதுபவரிடம் ஒரு மனு வாங்கி வந்தார். எல்லாரும் அதில் கைநாட்டு வைத்தால் போதும் என்றார். அதைப் படித்துக் காட்டும் வேலை முனிகிருஷ்ணன் மனைவி ரத்னாவுக்கு வந்தது. எட்டாவது வரை படித்தவள் அவள். ‘ஏழைகள் வயிற்றில் அடிக்காமல் கருணை காட்ட வேண்டும்’ என்று முடிந்த அந்தத் தாளை அவள் மடித்துக் கீழே வைத்தாள்.

“நைனா, இதுல நம்ம ஊரு பேரை அடிச்சிட்டு எந்த ஊரு பேரை வேணா எழுதிக்கலாம்.”

“இன்னாம்மா பேசுற? அழுதாத்தானே சர்க்காரு மனசு எறங்கும்?” என்றார் முனுசாமி.

“அழுவுறது எல்லா ஊரும் அழுவும். நம்ம நெலத்துல இன்னா கீதுன்னு நாமதானே சொல்லணும்?”

நிலம் போகும் நாற்பத்தொரு பேருக்கும் ஆளுக்கொரு மனு, அவரவர் நிலத்தைப் பற்றி. அதுதான் அவள் யோசனை. மறுநாள் காலையிலேயே நோட்டுப் புத்தகத்தோடு வயலில் இறங்கினாள். கெங்கம்மாள், செத்துப்போன புருஷன் வெட்டிய கிணற்றைக் காட்டி விசும்பினாள். ரத்னா அவள் முடிக்கும்வரை காத்திருந்து, “சித்திரையில எத்தினி அடி தண்ணி நிக்கும், அக்கா?” என்று கேட்டாள். பதினோரு அடி. அதுவும் சர்வே நம்பரும் மனுவில் முதல் வரியாயின.

இன்னொரு நிலக்காரனான அப்பாவு, தன் நிலத்தில் மூன்று போகம் விளைவதாக எழுதச் சொன்னான். ரத்னா ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்திடம் பயிர்க் கணக்கைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“கணக்குல ரெண்டு போகந்தான் கீது. நம்ம பொய் ஒண்ணு மாட்டுனா, நாப்பது பேரு நெசமும் போயிடும்.”

நடந்து நடந்து இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். ஏரி மதகிலிருந்து போகும் கால்வாய், எடுக்கப்போகும் நிலத்தின் நடுவே ஓடியது. அதைத் தூர்த்தால், அறிவிப்பிலேயே இல்லாத இருநூறு ஏக்கரும் காய்ந்துபோகும். இது எல்லா மனுவிலும் ஏறியது.

வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது, வேறு இடம் காட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ரோட்டுக்குக் கிழக்கே தண்ணீர் ஏறாத மேட்டுப் புஞ்சை கிடந்தது. அதில் ஒன்றேகால் ஏக்கர் சவுக்குத் தோப்பு முனிகிருஷ்ணனுடையது.

ஏரிக்குக் கீழே இருந்த தன் வயலுக்காக அவள் எழுதிய மனுவில், மேட்டு நம்பர்களில் முதலாவதாகத் தன் தோப்பு இருப்பதைக் கேட்டதும் அவன் முகம் கறுத்தது. “நம்ம நெலத்தை நாமளே காட்டிக் குடுக்கிறதா?”

“மேட்டையெல்லாம் எழுதிட்டு நம்ம நம்பரை மட்டும் உட்டுட்டா, அப்பறம் நம்ம எழுத்தை யாரு நம்புவாங்க?”

அவன் எழுந்து தோப்புக்குப் போனான். திரும்பி வந்து, “பேனாவைக் குடு,” என்று கையெழுத்துப் போட்டான்.

இருபத்தாறாம் நாள் நாற்பத்தொரு மனுக்களும் ரிஜிஸ்டர் தபாலில் போயின. விசாரணையன்று சிறப்புத் தாசில்தார் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையே. யார் எழுதினது?”

எல்லாரும் ரத்னாவைப் பார்த்தார்கள்.

“இந்த மேட்டுல முதல் நம்பர் யாருது?”

“எங்களுதுங்க, ஐயா.”

அவர் கண்ணாடியைக் கழற்றி அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். “கால்வாயை நானே வந்து பார்க்கிறேன்,” என்றார்.

வந்தும் பார்த்தார். எட்டு மாதம் கழித்து வந்த உத்தரவில் கால்வாயும் எழுபது ஏக்கர் நஞ்சையும் தப்பின. மிச்ச நாற்பது போயிற்று; அப்பாவுவின் பாதி நிலம் அதில் அடக்கம். மேடும் சவுக்குத் தோப்பும் போயின. மரம் வெட்டிய நாளில் ரத்னா அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஆனால் அந்த வருஷம் கால்வாயில் தண்ணீர் திறந்தபோது, முனுசாமி அவளை முன்னால் வரச் சொல்லி, மதகுக்குக் கற்பூரம் ஏற்றவைத்தார்.

பிறகு எளாவூர்ப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் மனு எழுத வந்தார்கள். காகிதத்தோடு வந்தவர்களிடம் அவள், “மொதல்ல நெலத்தைக் காட்டுங்க,” என்பாள். புதுவாயல் டீக்கடையில் யாராவது வழி கேட்டால், முனிகிருஷ்ணன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவான்.

“எங்க ஊட்டுக்குத்தான் வந்துகினு கீறீங்க. வாங்க, நானே இட்டுகினு போறேன்.”