கேட்டு வாங்கிய காலை ஷிப்ட்

சபையாருக்கு என் அன்பு. சாட்சி சொல்ல வருகிறவர்கள் தெளிவோடு வருவார்கள். நான் குழப்பத்தோடு வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் அருள்ராஜை உங்களுக்குத் தெரியும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, யாரும் கைகொடுப்பதற்குள் கிளம்பிவிடுகிறவர். பீளமேட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு கிட்னியும் போய்விட்டது. அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். நாலு மணி நேரம் மெஷினோடு படுத்திருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது மாலை ஷிப்ட். பகல் முழுக்க அதையே நினைத்து உட்கார்ந்திருப்பார். முடிந்து வந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், தூக்கம் போச்சு.

போன கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். மனுஷன் அசையவில்லை. மறுநாள் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினேன். பிழைத்தார். ஆனால் பெட்டில் கிடந்தபடியே, "எத்தன நாளைக்கு எஸ்தரு இப்புடி? என்னைய உட்டுரு" என்றார். அந்தச் சொல் என்னை விடவே இல்லை.

காலை ஷிப்ட் என்றால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும், அவருக்கும் மனசு விட்டுப்போகாது என்று எனக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரி டயாலிசிஸ் யூனிட் சிஸ்டரிடம் பெயர் கொடுத்து வைத்தேன். காலைச் சாப்பாட்டை விட்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, காலை ஷிப்டைத் தாரும். இவரை உயிரோடு வையும்." இரண்டும் ஒரே ஜெபம் என்றுதான் நினைத்திருந்தேன்.

நாலாவது மாதம் ஒரு வியாழக்கிழமை சிஸ்டர் போன் செய்தார். அடுத்த செவ்வாயிலிருந்து காலை ஷிப்ட். அந்த ஞாயிறு இதே மைக்கைப் பிடித்து நன்றி சொன்னேன். நீங்களும் கை தட்டினீர்கள். இவர் கடைசி பெஞ்சில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்க யூனிட்டுக்குப் போன் போட்டேன். சிஸ்டர் தயங்கினார். "அண்ணன்தான் அதப் பவித்ராவுக்குக் குடுக்கச் சொல்லிப்போட்டாருங்க. வெள்ளிக்கிழமையே சொல்லிட்டாரே, உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

பவித்ரா பக்கத்து பெட். அவிநாசியைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. மாலை ஷிப்ட் முடிந்து இவள் போய்ச் சேர்வதற்குள் அது தூங்கிவிடும். மறுநாள் காலையில் அதைத் தூக்க இவளுக்குத் தெம்பு இருக்காது. எல்லாம் எனக்குத் தெரியும். உனக்காக ஜெபிக்கிறேன் கண்ணு என்று அவள் தலையைத் தடவிக்கூடச் சொல்லியிருக்கிறேன். என் ஷிப்டைக் கொடுக்கலாம் என்று மட்டும் ஒரு நாளும் தோன்றவில்லை. பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் மூன்று வாரம், பிறரை முன்னால் வைப்பதைப் பற்றிப் பேசினவளும் நான்தான்.

வீட்டில் கத்தித் தீர்த்தேன். ஆண்டவர் கொடுத்ததை எடுத்துக் கொடுக்க நீங்கள் யார் என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. இனி நமக்கு எந்த ஷிப்டும் வேண்டாம் என்று முடிவு பண்ணித்தான் கொடுத்துவிட்டாரோ? முழங்காலில் நின்றேன். கோபம் இவர் மேலா, பவித்ரா மேலா, ஆண்டவர் மேலா, ஒன்றும் விளங்கவில்லை. "நாளைக்கு இவரைக் கிளம்ப வையும்" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

செவ்வாய் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். கூப்பிட எனக்குப் பயம். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குக் கதவு திறந்தது. சட்டை போட்டு, போர்வைப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"நெசமாலுமே வாரீங்களா?" என்றேன்.

"நா போவலீன்னா, என்ற எடத்தப் புடுங்கிக்கிட்டமேன்னு அந்தப் புள்ள நெனைக்காதா? சாய்ங்காலம் நா வந்துருவேன்னு சொல்லித்தான் ஒத்துக்க வெச்சேன்."

அவர் முன்னால் நடந்தார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நடந்தேன்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. அவர் ஒரு நாளும் தவறவில்லை. கால் இன்னும் இழுக்கிறது, குடிக்கிற தண்ணீர் இன்னும் அளந்துதான். ஒவ்வொரு முறையும் சாயங்காலம் பவித்ரா யூனிட் சிஸ்டருக்குப் போன் போட்டு, அண்ணன் வந்தாரா என்று கேட்கிறாள். அது தெரிந்துதான் இவர் போகிறார்.

ஆகவே அந்த ஞாயிறு நான் சொன்ன சாட்சியைத் திருத்திக்கொள்ளுங்கள். காலை ஷிப்ட் எங்களுக்கு இல்லை. அது போனதால்தான் இவர் உயிரோடு இருக்கிறார். ஏன் இப்படி என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஆனாலும் ஸ்தோத்திரம் சொல்கிறேன். நீங்கள் ஜெபித்து வாங்கினது ஏதாவது கையில் இருந்தால், பக்கத்து பெட்டை ஒரு தடவை பாருங்கள். கொடுக்கப் பயமாகத்தான் இருக்கும், எனக்கும் இருக்கிறது. பயத்தோடேயே ஆண்டவரை நம்புங்கள்.

போன செவ்வாய் நான் புடவை மாற்றி வருவதற்குள் இவர் செருப்பைப் போட்டுக்கொண்டு கேட் பக்கத்தில் நின்று, நேரமாச்சு என்று என்னைச் சத்தம் போட்டார்.