நாலு மணிக்குள்ள கராஜ் காலி

டென்மார்க்கில வீட்டு முற்றத்தில பழஞ்சாமான் விக்கிறதுக்கு வாயும் வேணும், பாங்க் காட்டில காசெடுக்கிற காட் மெசினும் வேணும். வாய் எனக்குப் பிறக்கேக்கையே வந்தது, மெசினைத்தான் தபாலில எடுப்பிச்சனான்.

வீட்டுச் சாமானோட மல்லுக்கட்டுற சகோதரங்களே, உங்களுக்கு என்ர பாடு விளங்கும். ஹேர்னிங்கில எங்கட கராஜுக்குள்ள கார் போய்ப் பத்து வருசம். என்ர மனுசன் ஒண்டையும் எறிய விடார். முதியோர் இல்லத்தில இருபது வருசம் ஆக்களைத் தூக்கி எனக்கு நாரி முறிஞ்சு போச்சு. இனிப் போதும், கராஜில ஒரு தையல்கடை போடுறது எண்டு முடிவெடுத்தன். தச்சுவேலைக்காரன் ரெண்டு தரம் வந்து, கால் வைக்க இடமில்லாமல் திரும்பிப் போனவன். "திங்கட்கிழமையும் இப்பிடிக் கிடந்தால் இனி என்னைக் கூப்பிடாதேங்கோ" எண்டிட்டான். ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குள்ள கராஜைக் காலியாக்கிறன், இல்லாட்டி நான் நானில்லை எண்டு மனுசனுக்குச் சொல்லிப்போட்டுத்தான் கடை விரிச்சன்.

பிஸ்கற் பேணி

போன கோடையில மெசின் இல்லாமல் விக்கப் போய்ப் பட்ட பாடு இருக்கே! காசு போடுறதுக்கு ஒரு பிஸ்கற் தகரப் பேணியை மேசையில வைச்சிருந்தன். ஒரு டெனிஷ் மனுசி ஆறு கதிரையையும் தடவித் தடவிப் பார்த்து, எல்லாத்தையும் எடுக்கிறன் எண்டா. எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. மனுசி காட்டைக் கையில வைச்சுக்கொண்டு பேணியைச் சுத்திச் சுத்திப் பாக்கிறா. தாள் காசு கண்டு கனகாலமாம்.

கதிரை ஆறும் திரும்பக் கராஜுக்குள்ள போச்சு. என்ர மனுசனுக்கு வாயெல்லாம் பல்லு. போகேக்க அந்த மனுசி கேட்டது: "காட்டை இதுக்குள்ள போட்டால், பிறகு தபாலில அனுப்பி விடுவீங்களோ?"

கண்ணில ஒற்றினது

இந்த முறை மெசினோட குந்தினன். முதல் ஆள் ஒரு தாடிக்காரன், மேசை விளக்கு ஒண்டு எடுத்தான். காட்டை வைச்சான், மெசின் பீப் எண்டது. முதல் வியாபாரத்துக் காசைக் கண்ணில ஒற்றாமல் விடுறதோ? ஒற்றக் காசு எங்க? மெசினைத் தூக்கி ரெண்டு கண்ணிலயும் ஒற்றினன். தாடிக்காரன் பவ்வியமாத் தன்ர மூக்குக்கண்ணாடியைக் கழட்டினான்: "நானும் கண்ணைக் காட்டவேணுமோ?"

நூற்றியொண்டு

பத்து மணிபோல எங்கட கோயிலுக்கு வாற ராசாத்தியக்கா வந்தா. இருநூறு குரோன் எண்டு எழுதியிருந்த பெரிய பானையில கண் விழுந்திட்டுது. அடி நெளிஞ்சிருக்கு எண்டா, மூடி பொருந்தேல்ல எண்டா, நாங்கள் என்ன பிறத்தியாரோ எண்டா. ஒரு மணித்தியாலம் நிண்டு நூறுக்குக் கொண்டுவந்திட்டா. என்ர மனுசனும் பக்கத்தில நிண்டு, பானை போகுதே எண்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பார்த்தவர்.

நான் மெசினில நூறு எண்டு அடிக்கப் போக, எட்டிக் கையைப் பிடிச்சிட்டா. அவ்வளவு நேரம் வாதாடின அதே மனுசி சொல்லுறா: "தையல்கடை துடங்கப் போறாய், பிள்ளை. சுழியத்தில முடிக்காதை, நூற்றியொண்டு எண்டு அடி."

நாலு டயர்

மூண்டு மணிக்கு மிச்சம் நாலு டயர்தான். நாங்கள் எப்பவோ வித்த காரின்ர டயர். அறுநூறு குரோனுக்கு வாங்க வந்தவர் பக்கத்து வீட்டு டெனிஷ்காரர் பென்ட். பென்ட்டிட்ட கார் இல்லை, சைக்கிள்தான். நான் மெசினை நீட்டினன்.

தொகை கூடினபடியால் மெசின் இரகசிய இலக்கம் கேட்டது. பென்ட் என்ர தலைக்கு மேலால பாக்கிறார். திரும்பினன். குசினி யன்னலில என்ர மனுசன் விரலைக் காட்டுறார்: ரெண்டு, பிறகு ஏழு. அடுத்தது கையைப் பொத்திக் காட்ட, பென்ட்டுக்கு விளங்கேல்ல. எனக்கு விளங்கிட்டுது. "சுழியம், எட்டு" எண்டு நானே சொன்னன். இருபத்தேழு, எட்டாம் மாசம். எங்கட கலியாண நாள். பென்ட்டின்ர கையில இருந்தது என்ர மனுசன்ர காட்! கோபம் வந்ததுதான், எண்டாலும் காசும் வந்திட்டுது. வித்த சாமான் நாலு மணிக்குப் பிறகு என்ர வளவில நிக்கக்கூடாது எண்டு பென்ட்டுக்குச் சொன்னன். பாவம், டயரைத் தன்ர கொட்டிலுக்கு உருட்டிக்கொண்டே சொன்னார்: "நான் மாட்டன் எண்டுதான் சொன்னனான். உங்கட மனுசன்தான் ஒரு பெட்டி பியர் தாறன் எண்டவர்."

கடைசி ஆள்

நாலுக்குப் பத்து நிமிசம். கராஜைக் கூட்டினன். வெறும் சீமெந்து நிலம். இருபது வருசத்தில இவ்வளவு சந்தோசம் நான் கண்டதில்லை. திரும்பிப் பார்த்தால் மேசைக்கு முன்னால என்ர மனுசன், ஒரு கையில அந்தக் காட், மற்றக் கையில தான் போடுற நீளக் களிசான்.

"இஞ்சருங்கோ, விக்கிறதுக்கு இனி ஒண்டும் இல்லை" எண்டன், முகத்தைப் பாக்காமல்.

"நான் வாங்க வரேல்ல. இதின்ர காலைக் கட்டையாக்க என்ன எடுப்பீர்?"

"கடை இன்னும் திறக்கேல்ல."

"தெரியும். உம்மட கடையின்ர முதல் வியாபாரம் என்ர கையால இருக்கட்டும். நூற்றியொண்டு எண்டு அடியும்."

அடிச்சன். எனக்கு அழுகை வந்திட்டுது. மெசினைக் கண்ணில ஒற்றினது அதுக்கும் வசதியாப் போச்சு.

கராஜ் காலி, கடையும் துடங்கியாச்சு. ஆனால் பின்னேரங்களில என்ர மனுசன் டயரைப் பாக்கவெண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்வாறதை எந்த மெசினாலயும் நிப்பாட்டேலாது.