கயிற்றின் மறுமுனை

கயிற்றைக் காலில் மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பார்க்கிறாள் பாக்கியவதி. வானம் கறுத்துவிட்டால் இதே வேலைதான். உலை பொங்கி அடுப்பே அணைந்தாலும் சரி, கடைசி முழம்வரை இழுத்துப் பார்க்காமல் எழுந்திருக்கமாட்டாள்.

உவரிக்கு அந்தப் பக்கம், ஆறு கடலில் சேருகிற இடத்தைச் சர்க்கார் பலகை முகத்துவாரம் என்கிறது. ஊரில் அது பொழி. பாக்கியவதிக்கோ வெறும் ‘வாய்’. கோடையில் கடல் மணலைத் தள்ளி அந்த வாயை அடைத்துவிடும். உள்ளே தேங்கிய தண்ணீரில் இறால் தடவித்தான் அவளுக்குப் பிழைப்பு. ஆனாலும் பாருங்கள், ஒரு நாளும் கடலுக்கு முதுகு காட்டி நிற்கமாட்டாள். “ஏளா, அசந்தா முழுங்கிரும்” என்று கூட வருகிறவர்களையும் திருப்பி நிறுத்துவாள்.

ஐப்பசி மழையில் வயலும் வீடும் முங்கப் பார்த்தால், மணல்திட்டை வெட்டி ஆற்றுக்கு வழிவிட வேண்டும். வெட்டுகிறவன் அவள் புருஷன் செந்தூர்பாண்டி. வெட்டும்வரை பயமில்லை. உடைகிற கணத்தில் வெள்ளம் ஆளையும் உருவிக்கொண்டு கடலுக்குப் போய்விடும். போன வருஷம் அவன் தம்பி மந்திரமூர்த்தி அப்படித்தான் போனான். கயிற்றின் ஒரு முனை அவன் இடுப்பில் இருந்தது, மறுமுனை பனையில். பனையில் போட்ட முடிச்சு நழுவியதை ஒருத்தரும் பார்க்கவில்லை.

இந்த வருஷம் மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள் பாக்கியவதி. “மனுசன் போறது பனைக்குத் தெரியுமா?”

பக்கத்து வீட்டுச் சுடலைவடிவு தலையில் அடித்துக்கொண்டாள். “கோட்டிக்காரி! அவன் போனா நீயும்லா போவ?”

“பொறவு?” என்றாள்.

நேற்று வெட்டினார்கள். மம்பட்டி விழ விழ அவள் குதிகாலை மணலில் புதைத்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று திட்டு உடைந்தது. கயிறு விண்ணென்று இறுகி அவளை மணலில் குப்புறத் தள்ளி இழுத்தது. “ஐயோ, புடிங்களேன்! புடிங்களேன்!” நாலு பேர் பாய்ந்து இழுக்க, செந்தூர்பாண்டி இருமிக்கொண்டே கரையேறினான். ஏறியவன் தன் முடிச்சை அவிழ்த்து எறிந்துவிட்டுப் பீடி கேட்டான். படுபாவி!

மத்தியானம் சோறு போட்டாள். தெருத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. குழம்பெடுக்க அவள் அடுக்களைக்குப் போக, பின்னாலேயே ஈரக்கயிறும் போனது.

“ஏட்டி, அதான் வந்துட்டேம்லா. இன்னும் அவுக்கலியா?”

அவள் குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து இறக்கினாள். கிடந்த முனையை எடுத்து, உண்டுகொண்டிருந்தவன் இடுப்பைச் சுற்றிக் கட்டி, இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள்.