எங்கள் வாசலில் தலைகீழ் நட்சத்திரம்

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அடுத்தவர் எழுதிய மென்பொருளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று துருவுவது என் வேலை. அந்தப் புத்தியை ஆபீசிலேயே விட்டுவிட்டு வர எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

சென்னை ஓரம் பாரிவாக்கத்தில் எங்கள் பிளாட்டுக்கு வேலைக்கு வந்த அக்கா அந்த ஊர்க்காரர். "இந்த லிப்ட் கீற எடத்துலதான் எங்க கத்திரிக்கா தோட்டம் இருந்துச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அதில்கூட எனக்கு ஒரு முள் தெரிந்தது. நிலம் போன வயிற்றெரிச்சல் இல்லாமலா இருக்கும்?

ஒருநாள் காலை நடை முடித்து லிப்டை விட்டு வெளியே வந்தேன். எங்கள் வாசலில் அக்கா கோலமாவில் போட்ட ஐந்து முனை நட்சத்திரம். ஒற்றை முனை என் காலைப் பார்த்து இருந்தது, இரண்டு முனைகள் கதவுப் பக்கம் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. அந்த மாடியில் மற்ற மூன்று வாசல்களிலும் வழக்கமான நாலு புள்ளிக் கோலம். படம் எடுத்துக் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போட்டேன். மூன்றாவது மாடிக்காரர் உடனே எழுதினார்: "தலைகீழா இருக்கு. பில்லி சூனியக்காரங்க குறி. ஜாக்கிரதை."

அன்று முழுக்கத் தேடிப் படித்தேன். பழைய மெசபொட்டேமியாவில் களிமண்ணில் கீறியிருக்கிறார்கள். கிரேக்கத்தில் கணக்குப் பித்துப் பிடித்த ஒரு கூட்டத்துக்கு அது ஆரோக்கியத்தின் அடையாளம். கிறிஸ்தவர்கள் அதில் இயேசுவின் ஐந்து காயங்களைக் கண்டார்கள், பேய் நுழையாதிருக்க வாசலிலும் வரைந்தார்கள். தலைகீழானால் தீயது என்ற பேச்சு பலமாகக் கிளம்பியதே நூற்றைம்பது வருஷம் முன்புதான். ஆட்டுத்தலை, சாத்தான் எல்லாம் அதன்பிறகு ஒட்டிக்கொண்டவை. இவ்வளவும் படித்துவிட்டு நான் நம்பியது அந்தக் கடைசிப் பகுதியை மட்டும்தான். அந்த வாரம் என் நாலு வயது மகளுக்கு வேறு காய்ச்சல் வந்து போயிருந்தது.

மறுநாளும் அதே நட்சத்திரம். அக்காவை நிறுத்திக் கேட்டேன்.

"இதை எங்கக்கா கத்துக்கிட்டீங்க?"

"இத்த இன்னா கத்துக்கறது? கையி எடுக்காம இழுத்தா வந்துடும்."

"எங்க வீட்டுக்கு மட்டும் ஏன்?"

அவர் கதவோரம் நின்ற என் மகளைப் பார்த்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அது எங்க ரெண்டு பேருக்குள்ள" என்றார்.

என் பிள்ளையிடம் இவருக்கு என்ன ரகசியம்?

"நாளையிலேருந்து வேண்டாம்கா."

"கோலமா, நானாம்மா?"

"ரெண்டும்தான்."

அவர் துடைப்பத்தை மூலையில் சாய்த்து வைத்தார். "பாப்பாக்குக் கஞ்சி ஆறிடுச்சு, குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நிதானத்தையும் நான் சந்தேகப்பட்டேன்.

அடுத்த நாள் மகள் யூனிபார்மோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்கூலுக்கு வர மாட்டேன் என்று ஒரே அழுகை. நாலு நாள் தூக்கிக்கொண்டுதான் போனேன். ஐந்தாம் நாள் அடம் தாங்காமல் கத்தினேன். அவள் விக்கிக்கொண்டே சொன்னாள்: "அழாம கெளம்புனா அக்கா ஸ்டார் போடும். மிஸ் கையில போடுற ஸ்டாரு."

கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் குனிந்தேன். இரண்டு தடவை அழித்து, மூன்றாவது முறை ஒருவழியாக வந்தது. நிமிர்ந்து பார்த்தேன், நேராகத்தான் இருந்தது.

மகள் உள்ளேயிருந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "தலைகீழா இருக்கும்மா. அக்கா இங்க எம்பக்கத்துல நின்னு குனிஞ்சுதான் போடும்."

உள்ளே போய் அவள் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒற்றை முனை என் காலைப் பார்த்து இருந்தது, கொம்புகள் லிப்ட் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. இந்த முறை வரைந்தது நான்.

அக்காவுக்குப் போன் செய்தேன். ஐயப்பன்தாங்கலில் வேறு வீட்டில் சேர்ந்துவிட்டாராம். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன், அதற்குள் அவர் கேட்டார்: "பாப்பா அழுவாம போவுதாம்மா?"

மகள் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். போனைக் கையால் மூடிக்கொண்டேன்.

"போறாக்கா" என்றேன்.