கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே ஒரு பாட்டு

கொழும்பில் ஒரு கல்லூரியில் நவீன இசையும் ஒலிப்பதிவுத் தொழில்நுட்பமும் படிக்கிறேன் என்று சொன்னால், கற்பிட்டியில் முக்கால்வாசிப் பேர் அடுத்ததாகக் கேட்பது, எங்கள் வீட்டு ஸ்பீக்கர் கரகரக்கிறது, பார்த்துத் தருவாயா என்பதுதான். முதல் விடுமுறைக்கு நான் வீட்டுக்கு வந்தபோது இரண்டு ரேடியோக்களும் ஒரு கல்யாண மண்டபத்து அம்பிளிஃபயரும் வாசலில் எனக்காகக் காத்திருந்தன. எனக்குச் சட்டென்று கோபம் வரும். இது திருத்துகிற படிப்பு இல்லை என்று உம்மாவிடம் கத்திவிட்டு, கத்திய வேகத்திலேயே அம்பிளிஃபயரைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு வயர் கழன்று கிடந்தது. மாட்டிவிட்டேன், பாடியது. அன்றிலிருந்து ஊரில் எனக்கு மதிப்புக் கூடியது. படிப்பு என்னவென்று மட்டும் ஒருவருக்கும் விளங்கவில்லை.

வாப்பாவுக்கும் விளங்கவில்லை. அவர் கருவாட்டு வியாபாரி. பாட்டென்றால் சண்டைக்கு வருகிற ஆள் அல்ல. லொறியில் போகும்போது சாரதி ரேடியோவைப் போட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். வீட்டில் போட்டால் மெல்ல எழுந்து வெளியே போய்விடுவார். பெண்பிள்ளை பாட்டுப் படிக்கப் போகிறாள் என்று ஊர் கதைக்குமே என்பது அவருடைய ஒரு கவலை. படித்துவிட்டு எங்கே வேலை என்பது மற்றது. நான் பாடப் போவதில்லை, பாடுகிறவர்களின் சத்தத்தைப் பிடித்துச் சரிப்படுத்துவதுதான் என் வேலை என்று ஒரு மாதம் விடாமல் சொன்னேன். கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இரண்டு வருடப் படிப்பில் முதல் வருடத்துக்கு மட்டும் சம்மதம். அந்த வருடம் முடியும்போது அவருக்குத் திருப்தி வந்தால் இரண்டாம் வருடம். வராவிட்டால் வீட்டோடு இருந்தபடி புத்தளத்தில் ஏதாவது ஒரு பயிற்சி.

"என்ன செய்றாய் எண்டு எனக்குக் கண்ணால காட்டு மகள்," என்றார். "இதெல்லாம் காதால கேட்டு விளங்குற ஆள் நான் இல்ல."

சத்தத்தைக் கண்ணால் காட்டு என்று கேட்கிற மனிதரிடம் என்ன கதைப்பது? நானும் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அந்த முதல் வருடம் எனக்குப் பெருநாள் மாதிரிப் போனது. முதல் வகுப்பில் விரிவுரையாளர் எங்களை ஐந்து நிமிடம் சும்மா இருந்து காதில் விழுவதையெல்லாம் எழுதச் சொன்னார். நான் இரண்டு பக்கம் எழுதினேன். அதன் பிறகு என் காது என் சொல் கேட்பதை நிறுத்திவிட்டது. தங்கியிருந்த போர்டிங்கில் குளிர்சாதனப் பெட்டி எந்தச் சுருதியில் முனகுகிறது என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்தால் உம்மா தேங்காய் திருவும் சத்தத்தில் எங்கே கூர்மை அதிகம் என்று சொல்லத் தொடங்கினேன். உம்மா திருவலையை என் கையில் தந்து, அப்படியானால் நீயே கூர்மையில்லாமல் திருவு என்றார்.

வருடக் கடைசி வேலைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு பாட்டை முழுதாக ஒலிப்பதிவு செய்ய வேண்டும், ஆனால் குரலை ஸ்டூடியோவுக்கு வெளியே, நாங்களே தேடிப் பிடித்த ஓர் அறையில் பதிய வேண்டும். அந்த அறையை ஏன் தெரிவு செய்தோம் என்று அறிக்கையும் எழுத வேண்டும். மற்றவர்கள் கொழும்பில் நண்பர்களின் மாடி அறைகளைத் தேடிப் போனார்கள். நான் என் தோழியைக் கூட்டிக்கொண்டு கற்பிட்டிக்கு வந்தேன். அவள் சிலாபத்துக்காரி, என் வகுப்புத்தான், நல்ல குரல். ஒரே வசனத்தைத் தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடிப்பாள். வருடா வருடம் பக்கத்திலுள்ள தலவில தேவாலயத் திருவிழாவுக்கு வீட்டாருடன் வந்து போகிறவள் என்பதால் இந்தப் பக்கம் முழுக்கத் தன்னுடையது என்று ஒரு நினைப்பு. வீட்டை விட்டு முதல் தடவை தனியாகப் பஸ் ஏறிய நாளைப் பற்றி அவளே எழுதிய பாட்டு அது.

அறை தேடும் வழி கை தட்டுவது. ஓர் இடத்தில் நின்று ஒரு தட்டுத் தட்டினால், சத்தம் எவ்வளவு நேரம் சுவரில் மோதித் திரும்புகிறது என்று கேட்கும். குரலைச் சுத்தமாகப் பிடிக்க வேண்டுமென்றால் அது திரும்பவே கூடாது. நாங்கள் இரண்டு பேரும் வீட்டு அறைகளிலும் குளியலறையிலும் கோழிக்கூட்டுக்குப் பக்கத்திலும் தட்டிக்கொண்டு திரிந்தோம். பக்கத்து வீட்டில், நாங்கள் காகம் துரத்துவதாக நினைத்து ஒரு கம்பு தந்தார்கள். எந்த அறையும் சரிவரவில்லை. கடைசியில் வளவின் பின்பக்கம் இருந்த வாப்பாவின் ஸ்டோருக்குள் போனோம். தகரக் கூரை, சீமெந்துச் சுவர். மூன்று பக்கமும் கருவாட்டு மூட்டைகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தார்கள். நான் தட்டினேன். தட்டியது மட்டும்தான் கேட்டது. மூட்டைகள் மிச்சத்தை விழுங்கிவிட்டன. நான் சந்தோஷத்தில் தோழியைக் கட்டிப்பிடித்தேன். அவள் மூக்கை உறிஞ்சி, இடப்பக்கம் இருப்பது கட்டா, வலப்பக்கம் நெத்தலி, தனக்கு இப்போதே பசிக்கிறது என்றாள்.

வாப்பாவிடம் வெள்ளிக்கிழமை காலைக்கு ஸ்டோரைக் கேட்டேன். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை என்பதால் அங்கே மூட்டை ஏற்றும் வேலை நடக்காது. படிப்பு வேலை என்று மட்டும் சொன்னேன். படிக்க வேறு இடம் கிடைக்கவில்லையா என்று கேட்டுவிட்டுப் பூட்டின் திறப்பைத் தந்தார்.

காலை எட்டு மணிக்கு நடுவில் மைக்கை நிறுத்தி, ஒரு கதிரையில் லப்டொப்பை வைத்து, ஹெட்போனை மாட்டினேன். காற்றாடி போட முடியாது, அதுவும் கேட்கும். வியர்வை ஓடியது. காகம் ஒன்று கூரையில் நடந்து இரண்டு தடவை கெடுத்தது. பக்கத்து வெங்காயத் தோட்டத்தில் தண்ணி மோட்டார் நிற்கும்வரை அரை மணித்தியாலம் காத்திருந்தோம். ஆனாலும் முதல் சரணம் வந்த விதத்தை எப்படிச் சொல்வேன்! அவள் என் காதுக்குள் உட்கார்ந்து பாடுவது போல அவ்வளவு கிட்ட, அவ்வளவு சுத்தம். நான் இதுவரை பிடித்த குரல்களிலேயே அதுதான் நல்லது.

இரண்டாவது சரணத்துக்கு அவள் தொண்டையைச் செருமும்போது வெளியே லொறிச் சத்தம் கேட்டது. வாப்பா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"மகள், கொழும்புக் கடைக்காரர் லொறிய இண்டைக்கே அனுப்பிட்டார். ஜும்ஆவுக்கு முந்தி எல்லாத்தையும் ஏத்தணும்."

"மூட்டையத் தூக்கினா என்ட பாட்டுப் போயிரும் வாப்பா."

மூட்டைக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் முகம் கேட்டது. விளக்க நேரமில்லை. மூட்டை தூக்கும் நாட்டாமைமார் நான்கு பேர் ஏற்கெனவே தோளில் சாக்கை மடித்துப் போட்டபடி அவருக்குப் பின்னால் நின்றார்கள். தோழி பின்னேரமே சிலாபத்துக்குத் திரும்ப வேண்டும். மைக்கைத் திங்கட்கிழமை கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும். கடைசியில் பேசிக்கொண்டது இதுதான்: அவள் பாடும்போது அவர்கள் நிற்பார்கள், பாடி முடித்ததும் தூக்குவார்கள்.

கதவோரத்தில் இருந்த இருபது மூட்டைகள் முதலில் போயின. அவள் இரண்டாம் சரணத்தைத் தொடங்கினாள். நான் ஹெட்போனில் கேட்டேன். குரலுக்குப் பின்னால் மெல்லிய எதிரொலி ஒன்று இழுபட்டது. முதல் சரணத்தோடு ஒட்டவே ஒட்டாது. ஒரு வருடம் போச்சு, இரண்டாம் வருடமும் சேர்ந்து போச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. லொறியையும், அதை அனுப்பியவரையும், கருவாடு தின்னும் கொழும்பு முழுவதையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். தோழி ஹெட்போனை என் தலையிலிருந்து கழற்றித் தான் போட்டுக்கொண்டு, இரண்டு சரணத்தையும் அடுத்தடுத்துக் கேட்டாள்.

"கோவிக்காம கேட்டுப் பாரு," என்றாள். "முதல்ல வீட்டுக்குள்ள இருக்கிறேன். பிறகு றோட்டுக்கு வந்திட்டேன்."

திரும்பக் கேட்டேன். அவள் சொன்னது சரி. பாட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. இப்போது பயம் வேறு மாதிரி. அடுத்த மூட்டைகளைக் கண்டபடி தூக்கினால் இந்த அழகும் கெட்டுப்போகும். மூன்றாம் சரணத்துக்கு வலப்பக்கச் சுவர் மட்டும் வெறுமையாக வேண்டும், இடப்பக்கம் அப்படியே நிற்க வேண்டும். நான் எழுந்துபோய் நாட்டாமைமாரிடம் வலது மூலையைக் காட்டி, அண்ணன் முறை வைத்து, இதைத் தூக்குங்கள் நானா, மற்றதைத் தொடாதீர்கள் என்றேன்.

அவர்கள் அசையவில்லை. வாப்பாவைப் பார்த்தார்கள். வலது மூலையில் இருந்தது நெத்தலி. லொறியில் ஏற்றுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. சுறாவும் கட்டாவும் அடியில், நெத்தலி எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக. முதலில் ஏற்றினால் நசிந்து தூளாகிவிடும். முப்பது வருடமாக அந்த ஒழுங்கு ஒரு நாள் மாறியதில்லை. வாப்பா என்னைப் பார்த்தார். நான் முக்காடு நழுவி, முகமெல்லாம் உப்பும் வியர்வையுமாக, கையை நீட்டியபடி நின்றேன். கெஞ்சினேனா அதட்டினேனா என்று எனக்கே தெரியவில்லை.

"அவ காட்டுறதத் தூக்குங்க," என்றார் வாப்பா. "நெத்தலிய வெளிய பாய்ல வைங்க, பிறகு ஏத்தலாம்."

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நான் காட்டினேன், அவர்கள் தூக்கினார்கள். ஐந்து மூட்டை, தட்டிப் பார்ப்பேன், இன்னும் மூன்று என்பேன். தங்கச்சி, இதையுமா என்று நாட்டாமைமாரே கேட்கத் தொடங்கினார்கள். ஒருவர் தானும் கை தட்டிப் பார்த்து, இன்னும் ஒன்று எடுக்கலாம் என்று யோசனை சொன்னார். எடுத்தோம், அவர் சொன்னது சரியாக இருந்தது. கடைசிப் பல்லவிக்கு ஸ்டோர் முழுக்கக் காலி. தோழி வெறும் சீமெந்துத் தரையில் நடுவே நின்று வாயைத் திறந்தாள். குரல் தகரக் கூரைவரை எழும்பி, நான்கு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்து எங்கள் எல்லார் மேலும் விழுந்தது. லொறிச் சாரதி சொல்லாமலே வெளியே எஞ்சினை நிறுத்தியிருந்தார். நாட்டாமைமார் கதவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசி எதிரொலி அடங்கிய பிறகுதான் ஒருவர் தும்மினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைவிடச் சந்தோஷமாக நான் எங்கேயும் அழுததில்லை.

வாப்பா நெத்தலியை ஏற்றி, லொறியை அனுப்பி, குளித்துவிட்டு ஜும்ஆவுக்குப் போனார்.

கல்லூரியில் எல்லார் பாட்டையும் வரிசையாகப் போட்டுக் கேட்டார்கள். என்னுடையது முடிந்ததும் விரிவுரையாளர், எதிரொலிக்கு எந்த மென்பொருளைப் பாவித்தீர்கள், இவ்வளவு இயல்பாக விரிகிறதே என்று கேட்டார். மென்பொருள் இல்லை சேர், கருவாடு என்றேன். வகுப்பு சிரித்து முடிய நேரமெடுத்தது. மற்றவர்களின் அறிக்கைகளில் கருவிகளின் பெயர்கள் இருந்தன, என் அறிக்கையில் எந்தச் சரணத்துக்கு எந்த மூலையில் எத்தனை மூட்டை என்று இருந்தது. அவர் என்னை முன்னால் அழைத்து ஸ்டோரைப் பலகையில் வரையச் சொன்னார். நல்ல புள்ளிகள் கிடைத்தன. இரண்டாம் வருடத்துக்கு இடமும் கிடைத்தது.

ஆனால் அந்த இடத்தை எடுப்பதா விடுவதா என்பது கல்லூரியின் கையில் இல்லையே. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் பாலாவியிலிருந்து கற்பிட்டிவரை வாப்பாவிடம் சொல்ல வேண்டியவற்றை மனதுக்குள் பாடமாக்கிக்கொண்டு வந்தேன். வேலை வாய்ப்புகள், சம்பளம், என்னைப் போலப் படித்துத் தலையில் முக்காட்டோடு வேலை செய்யும் பெண்கள் என்று நல்ல நல்ல நியாயங்கள்.

அவர் ஸ்டோரில் புதிதாக வந்த மூட்டைகளை அடுக்குவித்துக்கொண்டிருந்தார். புள்ளிகள் எழுதிய கடதாசியை நீட்டினேன். வாங்கிப் பார்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். என் நியாயங்களில் முதலாவதை எடுத்துவிடுவதற்குள், அந்தப் பாட்டு கையில் இருக்கிறதா என்று கேட்டார். நான் திகைத்துப்போய்ப் போனை எடுத்து, பாட்டை ஓடவிட்டு அவர் கையில் தந்தேன்.

வாப்பா நின்றபடியே கேட்டார், தலையைக் கொஞ்சம் சாய்த்து, முழுப் பாட்டையும். முதல் சரணம் போனது. இரண்டாம் சரணம் போனது. மூன்றாவது தொடங்கி இரண்டு வரி போவதற்குள் விரலை உயர்த்தினார்.

"இதுதான் நெத்தலி போன இடம்," என்றார்.

பாட்டு முடிந்ததும் போனை என்னிடம் தந்துவிட்டு மூட்டைகள் பக்கம் திரும்பினார்.

"வாற வருஷம் பாட்டு எடுக்கிறதெண்டா முன்னுக்கே சொல்லு மகள். லொறியப் பின்னேரம் வரச் சொல்றேன்."