ஷெட்டை விட்டு வெளியே நடக்கப் பார்த்த மெஷின்

வாழவந்தி ஐயாக்கண்ணு தன் பழைய ஜீப்பை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்த பதினோராம் நாளே சரஸ்வதிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. முப்பது வருஷமாக எஸ்டேட்டுகளுக்கு ஆளும் மூட்டையும் ஏற்றிய மனுஷன் அடுப்படியில் வந்து நின்று, தாளிப்பில் கடுகு கூடிப்போச்சு என்று சொல்ல ஆரம்பித்தால் எந்தப் பெண்டாட்டிதான் பொறுப்பாள்?

அதனால்தான், சேலத்தில் மூடிய ஒரு பட்டறையிலிருந்து பழைய மர இழைப்பு மெஷினை அவர் வேனில் ஏற்றிவந்து காலி ஜீப் ஷெட்டில் இறக்கியபோது அவள் சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாள். ஏற்காடு கோடை விழாவுக்குள் அது ஒழுங்காக ஓட வேண்டும். இல்லையென்றால் மெஷின் காயலான் கடைக்குப் போகும், ஷெட்டு டூரிஸ்ட் ரூமாகும். சொன்னால் செய்கிறவள் சரஸ்வதி. ஜீப் போனபின் தனக்கென்று ஐயாக்கண்ணுவுக்கு மிஞ்சிய இடம் அந்த ஷெட்டு மட்டும்தான்.

முதல் நாள் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, அதன் இரும்பு மேடையில் எலுமிச்சம்பழம் வைத்தார். பழம் உருண்டு விழுந்தது. எடுத்து வைத்து, ஒரு மரச்சில்லை முட்டுக் கொடுத்துவிட்டு சுவிட்சைப் போட்டார்.

அடேயப்பா, அது போட்ட ஆட்டம்! தடதடவென்று குலுங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வாசலைப் பார்த்து நகர்ந்தது. இழைத்த பலகையோ வரிவரியாக வந்தது. ஏற்காட்டு எலக்ட்ரீஷியன் ஆசிர் வந்து மோட்டாரில் குற்றமில்லை என்றான். பெல்ட்டை மாற்றினார், பேரிங்கை மாற்றினார், பிளேடைச் சாணை பிடித்தார். ஆட்டம் நிற்கவில்லை. தரைக்கு ரசமட்டம் வைத்துப் பார்த்தீர்களா என்று ஆசிர் கேட்டதும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"முப்பது வருசமா நான் பாக்கற தரை இது. என்ற கண்ணுக்குத் தெரியாத மட்டமா?"

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது சரஸ்வதி டேப்போடு ஷெட்டுக்குள் வந்தாள். டூரிஸ்ட் ரூமுக்குக் கட்டில் அளவாம். ஐயாக்கண்ணு மூலையில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். மெஷின் மேல், ஆட்டத்தில் விழ விழ அவர் எடுத்து வைத்த அதே எலுமிச்சம்பழம் வாடிக் கிடந்தது. சில்லு எதற்கு என்று கேட்டாள். பழம் உருள்கிறது, அதனால் முட்டு என்றார். அவள் சில்லை உருவினாள். பழம் விழுந்து, தரையில் உருண்டு, வாசலைத் தாண்டித்தான் நின்றது.

சரஸ்வதிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏனுங்க, பேட்டரி செத்த ஜீப்பு தானா உருண்டு ஸ்டார்ட் ஆகோணும்னு இந்தத் தரையச் சரிவாப் போட்டது ஆருங்க?"

போட்டது அவர்தான். சிமெண்டைக் குழைத்ததும் அவர் கைதான். தினம் காலையில் ஹேண்ட்பிரேக்கை விட்டு உருட்டிக் கிளப்பியவருக்கு, ஜீப் போனதோடு சரிவும் போய்விட்டது என்று நினைப்பு. அசடு வழியச் சிரித்துவிட்டு, ரசமட்டம் கேட்டு ஆசிருக்குப் போன் போட்டார்.

வாசல் பக்கத்து இரண்டு கால்களுக்கும் பலாக்கட்டை கொடுத்து, மட்டம் பார்த்து, போல்ட் முடுக்கினார்கள். மறுநாள் காலையில் மேடையின் ஓரத்தில் சரஸ்வதியே புதுப் பழம் வைத்தாள். ஐயாக்கண்ணு அவளைப் பார்த்துக்கொண்டே சுவிட்சைப் போட்டார். மெஷின் சீராக இரைந்தது. பழம் வைத்த இடத்தில் இருந்தது. சில்வர் ஓக் பலகை ஒன்றைத் தள்ளினார். வழுவழுவென்று வந்த பலகையை அவள் தடவிப் பார்த்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

"சரிங்க. ஷெட்டு உங்களுது," என்றாள் சரஸ்வதி. "அடுப்படி என்னுது."

மத்தியானக் குழம்பில் கடுகு கூடித்தான் இருந்தது. ஐயாக்கண்ணு இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார்.