குழாய் வைக்காமல் எழுதிய எண்

வண்டிப் புகை பார்க்கும் வேலைக்குப் பவுன் சேர்ந்தது 1998இல். அப்படி ஒரு வேலை இருப்பதே அதுவரை அவளுக்குத் தெரியாது. கணவர் ஸ்ரீநிவாசன் போசரியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் ஆர்டர்கள் குறைந்து, வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். மகள் காவ்யாவுக்கு அப்போது ஆறு வயது.

தாபோடியில் அவர்கள் வீட்டுக்குப் பத்து நிமிஷ நடையில் ஒரு பெட்ரோல் பங்க். அதன் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு, தாபாடே என்பவர் புகைச் சோதனை நிலையம் வைத்திருந்தார். கையெழுத்து நன்றாக இருக்க வேண்டும், மராத்தி தெரிந்திருக்க வேண்டும் என்று அவர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். பவுனின் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். பவுன் பிறந்ததும் படித்ததும் கட்கியில்தான். பத்தாவது வரை மராத்திப் பள்ளிக்கூடம். தமிழ் வீட்டுக்குள் பேசுவதற்கு மட்டும்.

வேலை சுலபமாகத்தான் இருந்தது. காலையில் மெஷினைப் போட்டுக் கால் மணி நேரம் சூடேற விட வேண்டும். வண்டி வந்ததும் எஞ்சினை ஓட விட்டு, நீளமான இரும்புக் குழாயைச் சைலன்சருக்குள் சொருக வேண்டும். மெஷினில் சிவப்பு எண்கள் ஓடி ஓர் இடத்தில் நிற்கும். அதுதான் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடின் அளவு. பெட்ரோல் கார், வேன் என்றால் மூன்றுக்கு மேல் போகக் கூடாது. கார்பன் தாள் வைத்த புத்தகத்தில் அந்த எண்ணை எழுதிக் கிழித்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்குப் போலீஸ் கேட்காது.

முதல் மாதத்திலேயே அவளுக்கு வாசனை பிடிபட்டுவிட்டது. மண்ணெண்ணெய் கலந்து ஓட்டும் ஆட்டோ ஐம்பது அடி தள்ளி வரும்போதே கண் எரியும். பத்துப் பன்னிரண்டு வருஷமான கார்கள் வந்து நின்றாலே தொண்டை கரகரக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போய் முகம் கழுவினால் தண்ணீர் கறுப்பாகப் போகும். சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு வேலை பார்ப்பாள்.

இரண்டாம் மாதம் தாபாடே வேலையின் இன்னொரு பாதியைக் கற்றுக்கொடுத்தார். மாசக் கடைசியில் டிராபிக் போலீஸ் வண்டிகளை நிறுத்திச் சோதிக்க ஆரம்பித்ததும் பங்க்கைச் சுற்றி வரிசை நின்றுவிடும். அன்று அவர் அவள் பக்கத்தில் வந்து நின்று, "மேடம், எல்லாத்துக்கும் குழாய் வச்சுக்கிட்டிருந்தா நாளைக்குக் காலையிலதான் வீட்டுக்குப் போவீங்க. நம்பரைப் போட்டு எழுதிக் குடுங்க" என்று மராத்தியில் சொன்னார்.

"மெஷின் காட்டாம எந்த நம்பரைப் போடறது, சேட்?"

"பாஸ் ஆகிற நம்பரை."

அவள் எழுதினாள். 2.1, 1.8, 2.4 என்று மாற்றி மாற்றிப் போடுவாள். 2.0 என்று போட மாட்டாள். அது பார்த்தாலே பொய் மாதிரித் தெரியும். ஆரம்பத்தில் கொஞ்சம் உறுத்தியது. பிறகு பழகிவிட்டது. ஊர் முழுக்க இப்படித்தான் நடக்கிறது, நாம் ஒருத்தி குனிந்து பார்த்து என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டாள்.

தெரிந்தவர்களுக்கு வண்டியே வர வேண்டியதில்லை. அவர்களில் ஒருவர் சேவியர். இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். ஸ்ரீநிவாசனோடு சிறு வயதிலிருந்து பழக்கம். பழைய பெட்ரோல் வேன் ஒன்றை வாங்கி, தாபோடிப் பிள்ளைகளைக் கட்கிப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போவார். பதினாலு பிள்ளைகள். காவ்யாவும் அதில்தான் போனாள். 2001 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டிப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே வந்தார்.

"பவுனு, பொல்யூஷன் சர்டிபிகேட் முடியுது. ஸ்கூல் திறக்கறதுக்குள்ள ஒண்ணு போட்டுக் குடும்மா."

"வண்டி நல்லா இருக்குதாண்ணே?"

"அது கெடக்குது கெழம். ஓடுது இல்ல, அது போதும்."

மறுநாள் கொட்டகையில் உட்கார்ந்து 1.8 என்று எழுதினாள். சாயங்காலம் காவ்யா கையில் கொடுத்தனுப்பினாள்.

ஜூலையில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும்போது ஹாரிஸ் பாலத்தில் ஒரு லாரி நின்றுபோய் முன்னும் பின்னும் வண்டிகள் மாட்டிக்கொண்டன. சாரல் அடிக்கிறது என்று சேவியர் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டார். எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்ற பயத்தில் ஓட விட்டபடியே நின்றார். முக்கால் மணி நேரம். பின் சீட்டில் பிள்ளைகளின் சத்தம் அடங்கியதை, தூங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். முன் சீட்டில் இருந்த காவ்யாதான் திரும்பிப் பார்த்துவிட்டு, "மாமா, தேஜு எழுந்திருக்க மாட்டேங்குறா. வாந்தி எடுத்திருக்கா" என்றாள்.

சேவியர் கதவுகளைத் திறந்து பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, கொட்டுகிற மழையில் பாலத்து நடைபாதையில் உட்கார வைத்தார். மோட்டார் சைக்கிள்காரர்கள் ஓடி வந்தார்கள். ஐந்து பிள்ளைகளுக்கு மயக்கம். அவர்களில் தேஜஸ்வினி என்ற ஏழு வயதுப் பெண்ணுக்குத்தான் நினைவே இல்லை. யாரோ ஒருவர் அவளை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கட்கிக்குத் திரும்பி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

விஷயம் கேட்டுப் பவுன் கொட்டகையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். காவ்யா தலைவலி என்று அழுதுகொண்டிருந்தாள், மற்றபடி ஒன்றுமில்லை. தேஜஸ்வினிக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். அவளுடைய அம்மா ராஜஸ்ரீ வராந்தாவில் நின்றிருந்தாள். கணவர் ராணுவக் கல்லூரியில் கிளார்க். கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பவுன் புகை நிலையத்தில் வேலை பார்ப்பது அவளுக்குத் தெரியாது. தமிழ் பேசுகிற முகத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புகை உள்ள வந்துருச்சுன்னு டாக்டர் சொல்றாருங்க. எப்படிங்க வரும்? நான் சேர்க்கறப்பவே எல்லாம் கேட்டுத்தானுங்க சேர்த்தேன். பொல்யூஷன் சர்டிபிகேட்கூட ஜெராக்ஸ் வாங்கி வச்சிருக்கேன், பாருங்க."

பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். பவுனின் கையெழுத்து. 1.8. எட்டின் வால் மேலே வளைந்திருந்தது. அவள் எப்போதும் அப்படித்தான் போடுவாள். பவுன் ஜெராக்ஸைத் திருப்பிக் கொடுத்தாள். "கொழந்தைக்குச் சரியாயிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, காவ்யாவை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தேஜஸ்வினி மறுநாளே கண் விழித்துவிட்டாள், மூன்றாம் நாள் வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகும் அவளால் உட்கார முடியவில்லை.

அதற்கடுத்த நாள் ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டர் வேனோடு கொட்டகைக்கு வந்தார். வேனைப் போலீஸ் எடுத்து வைத்திருந்தது. பின் சீட்டுக்குக் கீழே சைலன்சர் குழாயில் விரல் நுழையும் அளவு வெடிப்பு. அதற்கு நேர் மேலே தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. "குழாயை வையுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். பவுன் வைத்தாள். வெடிப்பு வழியாகப் பாதிப் புகை போன பிறகும் எண் 6.9இல் நின்றது. இன்ஸ்பெக்டர் சர்டிபிகேட் புத்தகத்தைப் புரட்டி மே மாதத்து நகலைக் கண்டுபிடித்தார்.

"ரெண்டு மாசத்துல 1.8 எப்படி 6.9 ஆச்சு?"

தாபாடே முந்திக்கொண்டார். "பழைய எஞ்சின் சாகேப். மழையில கார்புரேட்டர் கெட்டுப்போயிருக்கும். அன்னைக்குச் சரியாத்தான் காட்டிச்சு. இல்லையா, மேடம்?"

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். நடக்கக்கூடியதுதான் என்று அவருக்கும் தெரியும். பேனாவை எடுத்து எழுதவே ஆரம்பித்துவிட்டார். பவுன் பேசாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"நான் குழாயே வைக்கல, சாகேப்" என்றாள் மராத்தியில். "வண்டியைக் கண்ணாலயும் பார்க்கல. நம்பரை நானே போட்டு எழுதினேன். குனிஞ்சிருந்தா அந்த வெடிப்புச் சத்தமாவது காதுல விழுந்திருக்கும்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டு அவளைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுங்க மேடம். இதை எழுதினா கோர்ட் வரைக்கும் போகும்."

"எழுதிக்குங்க."

தாபாடே சத்தம் போடவில்லை. வெளியே போய் ஒரு பீடி பற்ற வைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் போன பிறகு, "என் பிள்ளைங்க உங்களுக்கு என்ன பண்ணிச்சு?" என்று மட்டும் கேட்டார். கொட்டகைக்கு சீல் வைத்தார்கள்.

வீட்டில் ஸ்ரீநிவாசன் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தார். அப்புறம், "இன்ஸ்பெக்டரே எழுதிட்டிருந்தாரு. நீயா எதுக்கு இழுத்து மேல போட்டுக்கின?" என்றார்.

"அந்தப் பொண்ணோட அம்மா என் கையெழுத்தை என்கிட்டயே காட்டிச்சுங்க" என்றாள் பவுன்.

ஆர்.டி.ஓ. ஆட்கள் அத்தோடு விடவில்லை. தாபோடியிலும் கட்கியிலும் ஓடிய பள்ளி வேன்களை எல்லாம் மறுபடி சோதித்தார்கள். பதினொரு வேன்கள் தெருவை விட்டுப் போயின. அந்த டிரைவர்களின் வீட்டுப் பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் பவுனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேன் கிடைக்காத தாய்மார்களும் அவளைத்தான் ஏசினார்கள். ராஜஸ்ரீக்கு உண்மை தெரிந்ததும் ஒரு நாள் வாசலில் வந்து நின்று, "அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்க" என்றாள். திட்டவில்லை, அழவில்லை. அதன் பிறகு அவள் பவுனோடு பேசியதே இல்லை. அடுத்த வருஷம் அந்தக் குடும்பம் மாற்றலாகிப் போய்விட்டது.

பவுனுக்குக் கோர்ட்டில் அபராதமும் எச்சரிக்கையும் கிடைத்தன. சேவியரின் பெர்மிட் போனது. வேன் காயலான் கடைக்குப் போனது. ஐந்து மாதம் இரண்டு வீடும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தன. கிறிஸ்துமஸ் அன்று சேவியர் கேக் தட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"கோவமா இருந்தேன்மா. பொய் சொல்ல மாட்டேன்" என்றார். "நீ வாயத் தொறக்கலைன்னா அந்த ஓட்டைய ஒரு தகரம் வச்சு அடைச்சிட்டு அடுத்த வாரமே ஓட்டியிருப்பேன். எனக்கே தெரியுது."

"எம்மேலயும் தப்புண்ணே."

"உன்மேலயுந்தான்" என்று அவர் ஒப்புக்கொண்டார். சாகன் பக்கம் ஒரு கம்பெனியில் தொழிலாளர் பஸ் ஓட்டப் போவதாகச் சொன்னார்.

இரண்டு வருஷம் பவுன் போசரியில் ஒரு பேக்கிங் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டினாள். 2003இல் ஸ்ரீநிவாசனின் பட்டறை அடியோடு மூடியது. கிடைத்த தொகையில் என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது, புகை நிலையம் வைக்கலாம் என்று சொன்னவர் ஸ்ரீநிவாசன்தான். பவுன் அதிர்ந்துபோனாள்.

"திரும்பவும் அதா?"

"உனக்கு வேற இன்னா தெரியும்? சரியாச் செய்யி. அவ்ளோதான்."

கோர்ட் அபராதம் இருந்ததால் அவள் பேரில் லைசென்ஸ் கிடைக்காது. ஐ.டி.ஐ. படித்த ஸ்ரீநிவாசன் பேரில் கிடைத்தது. பழைய வேன் ஒன்றுக்குள் மெஷினை வைத்து விமான் நகரில் நிறுத்தினார்கள். முதல் வருஷம் திணறல்தான். வந்தவர்களில் பாதிப் பேர் அவள் குழாயை எடுப்பதைப் பார்த்ததுமே, "இதுக்கெல்லாம் நேரமில்லை" என்று அடுத்த நிலையத்துக்குப் போய்விட்டார்கள்.

ஷ்யாம் என்ற சென்னைப் பையன் ஒருவன், அங்கே சாப்ட்வேர் கம்பெனியில் இருந்தான். ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள் என்று பத்து வருஷப் பழைய கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். 5.2 காட்டியது. பவுன் தமிழ் பேசுவதைக் கேட்டதும் அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அக்கா, நம்ம ஊர்க்காரங்க நீங்க. ஒரு நம்பர்தானே, போட்டுக் குடுத்துடுங்களேன்."

"அப்பா அம்மாவ இதுலதான் ஏத்திக்கினு போவப் போறியா?"

"ஆமாக்கா."

"அப்போ மொதல்ல கார்புரேட்டரைக் கழுவி, ஏர் பில்டரை மாத்திக்கினு வாப்பா. காசு எதுவும் வேணாம்."

அவன் முறைத்துக்கொண்டு போனான். திரும்பி வரவில்லை. வேறு எங்காவது எழுதி வாங்கியிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். அன்று முழுக்க எரிச்சலாகவே இருந்தாள். ஆனால் இங்கே எண்ணை மாற்றி எழுத மாட்டார்கள் என்று கேள்விப்பட்ட ஒரு கம்பெனி, தன் ஊழியர்களை ஏற்றும் நாற்பது கார்களையும் இங்கேதான் காட்ட வேண்டும் என்று டிரைவர்களுக்குச் சொல்லியது. அப்படியே இன்னும் இரண்டு கம்பெனிகள் வந்தன. சேவியரும் தன் கம்பெனி பஸ் டிரைவர்களைக் கட்டாயப்படுத்தி அழைத்து வருவார். வண்டி பெயிலானால் டிரைவரைப் பார்த்து மற்றவர்களைவிட அவர்தான் அதிகமாகச் சத்தம் போடுவார்.

பிறகு கம்ப்யூட்டரும் கேமராவும் வந்தன. நம்பர் பிளேட்டைப் படம் பிடித்தால்தான் சர்டிபிகேட் அச்சாகும். கையால் எழுத வழியில்லை. 2007இல் நிலையம் நடத்துகிறவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். இனிமேல் யாரும் ஏமாற்ற முடியாது என்று ஓர் அதிகாரி பேசி முடித்ததும் பவுன் எழுந்து, முடியும் என்றாள். ஒரு வண்டியைப் படம் எடுத்துவிட்டுக் குழாயை இன்னொரு புது வண்டிக்கு வைக்கலாம். குழாயைப் பாதி மட்டும் சொருகி வெளிக்காற்றையும் சேர்த்து இழுக்க விடலாம். மெஷினுக்கும் இரும்புக் குழாய்க்கும் நடுவில் உள்ள ரப்பர்க் குழாயில் ஊசியால் ஒரு துளை போட்டால் எந்த வண்டியும் பாஸ். ஒவ்வொன்றையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் சொன்னாள். அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குறித்துக்கொண்டார்.

பின் வரிசையிலிருந்து ஒருவர் கோபமாக, "எங்க பொழப்பைக் கெடுக்க எங்கிருந்து வந்தீங்க, மேடம்?" என்று கேட்டார்.

"தாபோடியிலிருந்து" என்றாள் பவுன். பிறகு அந்தப் பாலத்தில் நடந்ததை, தன் பேரைச் சொல்லி, கால் மணி நேரம் சொன்னாள். கேள்வி கேட்டவரும் கடைசி வரை எழுந்து போகவில்லை.

டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு, மத்தியானம் கம்பெனிக் கார்கள் வரும் என்று அவள் பஸ் பிடித்து விமான் நகருக்குத் திரும்பினாள்.